பதினோராம் பக்கம்

ஜனவரி 6, திங்கள்

தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கோப்பு எழுதிய கை இது. பொருள் எழுதாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை. இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பொருள்: என் தங்கை பிரம்மசக்தி, வயது நாற்பத்தாறு, சென்ற ஆகஸ்ட் ஒன்பது முதல் அக்டோபர் இருபத்தொன்று வரை ஒரு தனியார் மனநல இல்லத்தில் இருந்தபோது அவளுடைய வலது கை செயலிழந்தது குறித்து.

இன்று பிரமுவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவள் மணிக்கட்டு தொங்கிக் கிடக்கிறது. விரல்களை மேலே தூக்கச் சொன்னால் அவள் முகம்தான் சிரமப்படுகிறது, விரல் அசைவதில்லை. டாக்டர் ஊசி வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பிறகு அவளுடைய மேல்கையில் ஓர் இடத்தைத் தொட்டு, இங்கே இறுக்கிக் கட்டி வெகுநேரம் விட்டிருக்கிறார்கள், நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். நாலு மாதம் ஆகிவிட்டதாம். பாதி திரும்பினாலே பெரிது.

பிரமு பாலர் பள்ளி டீச்சர். பிள்ளைகளின் நோட்டில் அவள் எழுதும் 'அ'வைப் பார்த்து மற்ற டீச்சர்கள் எழுதிப் பழகியதுண்டு.

வீட்டுக்கு வந்ததும் இல்லத்துக்குப் போன் செய்தேன். நாங்கள் யாரையும் கட்டுவதே இல்லை என்று மேலாளர் சொன்னார். அவள் முடியை ஏன் ஒட்ட வெட்டினீர்கள் என்றதற்கு, பேன் என்றார்.

கட்டவில்லை என்றால் அது கோப்பில் இருக்கும். கட்டினார்கள் என்றாலும் இருக்கும். கோப்பைக் கேட்டு வாங்கப்போகிறேன்.

ஜனவரி 8

நேரில் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். மேலாளருக்கு என்னைவிட இருபது வயது குறைவு இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். மருத்துவப் பதிவு என்பது நோயாளியின் சொந்த விஷயம், அவர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் தர முடியும், சட்டம் அப்படி என்றார். நான் அக்காதானே, சேர்த்தவளே நான்தானே என்றேன். சேர்ப்பது வேறு என்றார்.

அந்த வரவேற்பறை நாற்காலி எனக்கு ஞாபகம் இருந்தது. ஆகஸ்டில் சேர்க்கும்போது அதில்தான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். அப்போது அவள் மிக மோசமான நிலையில் இருந்தாள். செப்டம்பர் நாலாம் தேதி எங்கள் மகள் சௌமியாவுக்குக் கல்யாணம். வேலை மும்முரத்தில் அடிக்கடி போய்ப் பார்க்க முடியவில்லை. கல்யாணம் முடிந்தும் மறுவீடு, விருந்து என்று அவளைக் கூட்டிவருவது அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 9

விண்ணப்பத்தை எழுதி பிரமுவின் முன் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சேக்கதுக்கு உன் கையெழுத்துப் போதும். கேக்கதுக்கு என் கையெழுத்து வேணுமாக்கும்?"

சட்டம் அப்படி என்று மேலாளர் சொன்னதையே சொன்னேன். கைநாட்டு வைக்கலாமே என்றேன். முறைத்தாள். இடது கையால் போடப் பழகிக்கொண்டு போடுகிறேன் என்றாள். சாயங்காலம் முழுக்கப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். 'பி' வந்துவிட்டது. 'ர'வுக்கும் 'ம்'முக்கும் கை கோணுகிறது.

ஜனவரி 13

கையெழுத்தாகிவிட்டது. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினைந்து நாளில் தர வேண்டும்.

நாளையப் பொங்கலுக்கு நான் கரும்பு வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் போய் வாங்கிவந்தார்.

ஜனவரி 15

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சம்பந்தியம்மாளும் கூட வந்திருந்தார்கள். பிரமு தலைவலி என்று உள் அறையிலேயே இருந்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

சௌமியா உள்ளே போய்ச் சித்தியோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். "சித்திக்கு இப்ப எவ்வளவோ தேவலை, இல்லம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜனவரி 30

பதினைந்து நாள் கடந்துவிட்டது. பதில் இல்லை. ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் பிரமுவையும் கூட்டிப்போனேன். ஜரினா என்று ஒரு வக்கீல். சின்னப் பெண். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரமுவை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் அவளிடமே கேட்டாள். நான் இரண்டு முறை குறுக்கே பதில் சொன்னேன். இரண்டு முறையும், "அவங்க சொல்லட்டும்மா" என்றாள்.

வக்கீல் அறிவிப்பு போகிறது. பதிவுகள் வந்ததும் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் கொடுக்கலாமாம். ஒருவரைக் கட்டிவைத்தால் ஏன், எவ்வளவு நேரம், யார் உத்தரவு என்று எழுதிவைக்க வேண்டும், விருப்பமில்லாமல் முடியை வெட்டவே கூடாது என்றெல்லாம் சட்டத்தில் இருக்கிறதாம். பிரமு ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டாள். சேர்க்கும்போது எனக்கு நோய் இல்லை என்றால் அதற்கும் சட்டம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றாள் ஜரினா.

வரும் வழியில் அவளுக்குப் பிடிக்குமே என்று பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள்.

பிப்ரவரி 5

வந்துவிட்டது. பிரமு குளித்துக்கொண்டிருந்தாள். உறையில் அவள் பெயர்தான். நான் பிரித்தேன்.

இருபத்துமூன்று பக்கங்கள். ஒவ்வொன்றின் கீழும் எண் இருக்கிறது. டாக்டர் எழுதிய தாள்களில் எழுபத்துநாலு நாளும் ஒரே வரி, ஒரே மை: 'நோயாளி அமைதி. உணவு, உறக்கம் நன்று. சிகிச்சை தொடரவும்.' ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே. ஒரே இருப்பில் உட்கார்ந்து எழுதியது. நான் பார்க்காத கோப்பா?

செவிலியர் குறிப்பு மட்டும் வேறு. ஜெபமணி என்று கையெழுத்து. உருண்டையான தமிழ் எழுத்து. சிலவற்றை இங்கே எடுத்தெழுதுகிறேன், புகாருக்கு உதவும்.

'ஆகஸ்ட் 9. தேதி, கிழமை, ஊர் எல்லாம் சரியாகச் சொல்கிறார். வீட்டில் மாத்திரை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்கிறார். ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்று கேட்கிறார்.'

'ஆகஸ்ட் 20. நன்றாகச் சாப்பிட்டார். மற்றவர்களுக்குத் தலை வாரிவிட்டார். அக்கா மகள் கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார்.'

'செப்டம்பர் 3, மாலை. புடவை மாற்றிக்கொண்டு பையுடன் வாசலில் நின்றார். காலையில் முகூர்த்தம், போக விடுங்கள் என்று கேட்டார். வெளியே போக முயன்றார். மேலாளர் உத்தரவுப்படி கட்டிலில் கட்டப்பட்டது.'

'செப்டம்பர் 4. கட்டு நீடிக்கிறது. கை மரத்துப்போகிறது என்கிறார். டாக்டருக்குப் போனில் சொல்லப்பட்டது. வரவில்லை.'

'செப்டம்பர் 5. வலது கை வீக்கம். கட்டு நீடிக்கிறது.'

ஆறாம் தேதிதான் அவிழ்த்திருக்கிறார்கள்.

பதினோராம் பக்கத்தில் ஆகஸ்ட் 28, 29, 30 குறிப்புகள் இருக்கின்றன. அவை முக்கியமானவை அல்ல.

பிப்ரவரி 6

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

பிப்ரவரி 8

பிரமு நேற்றும் இன்றும் அந்தத் தாள்களைப் படித்தாள். டீச்சர் அல்லவா, ஒரு வரி விடவில்லை. அழவில்லை. செப்டம்பர் நாலு வந்தபோது தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவந்து ஒற்றைக் கையால் மடித்தாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்து படித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "பதினொண்ணு இல்லியேக்கா."

நகல் எடுக்கும்போது விட்டிருப்பார்கள் என்றேன்.

"நீ தாலுக்கா ஆபீஸ்ல இருந்தவ. இல்லாத பக்கத்தக் கடிதாசி போட்டுக் கேளு."

சரி என்றேன்.

பிப்ரவரி 10

கடிதம் எழுதினேன். 'தாங்கள் அனுப்பிய பதிவுகளில் பதினோராம் பக்கம் இல்லாததால் அதனை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' பிரமு இடது கையால் கையெழுத்துப் போட்டாள். இப்போது கோணல் இல்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வா என்று அவளே தெருமுனை வரை என்னோடு வந்தாள்.

சர்வீஸில் இருந்தபோது கோப்பிலிருந்து ஒரு தாளை நான் ஒருபோதும் எடுத்ததில்லை. எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17

அவரிடம் இந்தப் புகாரை விட்டுவிடலாமா என்று கேட்டேன். தொடங்கியவளே இப்படிக் கேட்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். முதலிலேயே முடிஞ்சதைக் கிளறாதே என்று சொன்னேனே என்றார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் சௌமியா தலைகுனிய வேண்டிவரும் என்றார். அப்புறம் அவரே, "கல்யாணம் கூடி வந்துச்சு. எல்லாம் அவ நல்லதுக்குத்தான செஞ்சோம்" என்றார். யாருடைய நல்லதுக்கு என்று நான் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அத்தை, சாப்பாட்டுப் பந்தியில் பிரமு மாத்திரை போடுவதைப் பார்த்து, சுகரா என்று கேட்டார்கள். இல்லை, மனசுக்குப் போடுகிற மாத்திரை, இருபது வருஷமாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு இவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். பிரஷர் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வராது. அந்த அத்தை அதற்குப் பிறகு என்னோடு பேசிய விதமே வேறு.

பிப்ரவரி 24

ரேஷன் கடையில் கூட்டம். திரும்பிவர பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. பிரமு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு உறை, ஒரு தாள். உறையோடு வந்த கடிதத்தில், இருபத்துமூன்று பக்கங்களும் முன்பே அனுப்பப்பட்டுவிட்டன, எனினும் கேட்டபடி மறுபடி அனுப்புகிறோம் என்று இருந்தது.

அவள் வாசித்தாள். பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

"'ஆகஸ்ட் 29. நோயாளி நலமாக இருக்கிறார், அழைத்துச் செல்லலாம் என்று அவருடைய அக்காவுக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது. கல்யாணமும் மறுவீடும் முடியும்வரை வைத்திருக்கச் சொன்னார். கேட்காமல் கிளம்பினால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, கட்டிப்போட்டாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.'"

சீனிப் பையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீயாக்கா கட்டச் சொன்ன?"

"அது பேச்சுக்குச் சொன்னது பிரமு."

"அவன் பேச்சுக்குக் கட்டலியே."

நான் அரிசியைக் கொட்டினேன். டப்பாவில் சீனியைப் போட்டேன். பிறகு அவள், "நீ எடுத்த பக்கத்த எங்க வச்சிருக்க?" என்றாள். பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தேன். ஒரே பக்கம், இரண்டு நகல்கள். அவள் இரண்டையும் சேர்த்து அடுக்கி, ஓரம் தட்டி நேராக்கிக் கோப்பில் வைத்தாள்.

பிப்ரவரி 25

அவளே தனியாகப் பஸ் ஏறி ஜரினாவைப் பார்க்கப் போனாள். இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் குடும்பம்தான் சொன்னது என்று இல்லத்துக்காரர்கள் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா என்று வக்கீலிடம் கேட்டுவரச் சொல்லிக் காலையில் அனுப்பினேன். திரும்பிவந்து பதில் சொன்னாள். குடும்பம் சொன்னாலும் கட்டக் கூடாது என்பதுதான் சட்டமாம். எல்லாப் பக்கங்களையும் வாரியத்தின் முன் வைக்கிறார்கள்.

"ஒனக்குக் கஷ்டமா இருந்தா விசாரணைக்கு நீ வராண்டாம்" என்றாள். கோபமே இல்லை. பஸ்ஸில் இடம் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மார்ச் 4

சாம்பார் வெங்காயம் உரித்தேன். அவள் தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். ஒற்றைக் கையால் கழுவுவதால் அடியில் பற்று அப்படியே இருக்கிறது. அவள் இல்லாதபோது எடுத்து மறுபடி கழுவி வைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

வாரியத்தின் விசாரணை. எனக்கும் கடிதம் வந்திருந்தது. நானும் போனேன்.

நீளமான மேசை. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. பக்கத்தில் ஒரு டாக்டர், இன்னும் இருவர். சுவரோரமாக ஒரு பெண் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இல்லத்தின் மேலாளரும் அவர்களுடைய வக்கீலும் எதிர்ப்பக்கம். நரம்பு டாக்டரின் அறிக்கையை ஜரினா வாசித்தாள். பிறகு செவிலியர் குறிப்பு. எழுபத்துநாலு நாளுக்கும் ஒரே வரி எழுதிய டாக்டர் வரவில்லை, உடம்பு சரியில்லையாம்.

அவர்கள் வக்கீல் பதினோராம் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். மனுதாரரின் சொந்த அக்கா சொன்னதைச் செய்தோம் என்றார். தலைவர் அவரை நிறுத்தி, ஒருவரைக் கட்ட உங்களுக்கு டாக்டர் சொல்ல வேண்டுமா, அக்கா சொல்ல வேண்டுமா என்று கேட்டார். மேலாளர் குனிந்துகொண்டார்.

பிறகு தலைவர் பிரமுவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா என்று கேட்டார். நஷ்டஈடு, இல்லத்தின் உரிமம் ரத்து, ஜரினா எழுதிக் கொடுத்தது எல்லாம் மனுவில் இருந்தது. பிரமு எழுந்து நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள்.

"கை முழுசாத் திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சார். கொண்டுபோன அன்னைக்கு எனக்குச் சீக்கு இல்ல. இந்தக் கோப்புல இருக்குன்னு போட்டிருக்கு. நாளைக்கு யார் எடுத்துப் பாத்தாலும் அதத்தான் படிப்பாங்க. இல்லன்னு எழுதணும். அவ்வளவுதான்."

அதை எழுத ஆதாரம் வேண்டுமே என்றார் தலைவர். சேர்த்தபோது கூட இருந்தது யார் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

அன்று இவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். ஆவேசமாக இருந்தாள், சாப்பிடவில்லை, கத்தினாள் என்று ஆகஸ்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்த தாள் அவர் முன்னால்தான் இருந்தது. மூன்றாம் பக்கம். அதைப் பற்றி இந்த நோட்டில் நான் இதுவரை எழுதவில்லை.

சேர்த்த அன்று காலையில் பிரமு எழுந்து, சௌமியாவின் கல்யாண ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஏழு ரவிக்கை. டாக்டரிடம் மாத்திரைக்குச் சீட்டு வாங்கிவரலாம் வா என்றேன். ஊசியைக் குத்திவைத்துவிட்டு உடனே வந்தாள்.

"நல்லா இருந்தா சார்" என்றேன்.

அப்படியானால் ஏன் என்றார்.

"கல்யாணம். மாப்பிள வீட்டுக்காரங்க முன்னால அவ இருக்கண்டாம்னு நினைச்சோம். நான்தான் நினைச்சேன்."

தட்டச்சுப் பெண் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். வாசித்துக் காட்டினார்கள். 'மனுதாரர் அன்று நலமாக இருந்தார்' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனா தெளிவாக ஓடியது.

வெளியே வந்ததும் பிரமுவிடம், போவமா என்றேன். அவளோடு பள்ளியில் வேலை பார்க்கும் எப்சிபா டீச்சர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதாம். துணிமணியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள் பிரமு.

"மாத்திர நான் கரெக்டாப் போட்டுக்கிடுவேன்" என்றாள்.

மார்ச் 19

வந்தாள். நான் மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டாள். அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஏப்ரல் 21

உத்தரவு நகல் எனக்கும் ஒன்று வந்தது. இல்லத்தின் பதிவு ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. கட்டியதும் முடி வெட்டியதும் சட்டவிரோதம். டாக்டர்மீது மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுகிறார்கள். கடைசிப் பத்தியில், சேர்க்கப்பட்ட நாளில் மனுதாரருக்கு உள்நோயாளியாகச் சேர்க்கும் அளவுக்கு எந்த நோய்க்குறியும் இல்லை, இது அவருடைய மருத்துவப் பதிவில் இணைக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது.

பிரமு ஜெயித்துவிட்டாள். அவளுக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு முறை எடுத்து வைத்தேன்.

சௌமியாவை வரச்சொல்லி அவள் கையில் கொடுத்தேன். அவர் தடுத்தார். சௌமியா நின்றபடியே படித்தாள். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"சித்தி சீரியஸா இருக்கான்னு சொல்லி என்ன அழ வச்சியேம்மா. மணமேடையில நான் அதுக்குத்தான் அழுதேன்."

அவள் மேசையில் வைத்த உத்தரவை மடித்து உறைக்குள் போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சௌமியா சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்றாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றாள்.

எப்சிபா டீச்சர் வீட்டில் மாடிப்படி வெளிப்பக்கமாக இருக்கிறது. சௌமியா ஏறிப் போனாள். கதவு திறந்தது. பிரமுவின் குரல் கேட்டது, என்ன சொன்னாள் என்று புரியவில்லை. கதவைச் சாத்தவில்லை. நான் ஏறவில்லை. கீழே பெரிய கறிவேப்பிலை மரம் நிற்கிறது, அதன் நிழல் படிவரை வரவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தேன்.

மேலே சௌமியா வெகுநேரம் அழுதாள். பிறகு பேச்சு. பிறகு பிரமு ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். பிரமு சிரித்து நான் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். ஆகஸ்டுக்கு முன்னால்.

கொஞ்ச நேரத்தில் சௌமியா ஒரு டம்ளர் தண்ணீருடன் இறங்கி வந்தாள்.

"வெயில்ல இருக்கியாம். சித்தி குடுக்கச் சொன்னா."

மேலே வரச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. சௌமியாவும் சொல்லவில்லை. பானைத் தண்ணீர், நல்ல குளிர்ச்சி. நின்றபடியே குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் மேலே ஏறிப் போனாள்.